மனநிலை மேனியை எவ்வளவு ஆள்கிறது?

மனத்தில் நிகழ்வது மேனியில் தெரியும் என்னும் எண்ணம் தமிழ் மரபில் மிகத் தொன்மையானது. தொல்காப்பியப் பொருளதிகாரம் மெய்ப்பாட்டியல் என்றொரு தனி இயலையே இதற்கு ஒதுக்கி, அச்சம், வெகுளி, உவகை முதலான எட்டு உணர்ச்சிகள் உடலில் வெளிப்படும் முறையை ஆராய்கிறது. தலைவனைப் பிரிந்த தலைவியின் மேனி நிறம் மாறி வெளுப்பதைச் சங்கப் புலவர்கள் பசலை என்று பெயரிட்டுப் பாடினர். திருக்குறளின் காமத்துப்பாலில் அந்த நிறமாற்றத்துக்கென்றே பசப்புறு பருவரல் என்னும் முழு அதிகாரம் உள்ளது. புலவர்கள் கண்ட இவ்வுறவை இன்றைய மருத்துவம் மறுக்கவில்லை. ஆனால் அது வேறு சில கேள்விகளை எழுப்புகிறது. மனநிலை உடலை மாற்றுகிறது என்றால் எந்த வழியாக மாற்றுகிறது, எவ்வளவு மாற்றுகிறது, எந்த இடத்தில் அதன் ஆற்றல் தீர்ந்துபோகிறது? இம்மூன்றில் கடைசிக் கேள்வியே முதன்மையானது. அதற்கு விடை காணாமல் ‘மனத்தை நன்றாக வைத்துக்கொண்டால் நோய் அண்டாது’ என்று அறிவுரை சொல்வது, நோயுற்றவரின் தலையிலேயே நோய்க்கான பழியையும் ஏற்றிவைப்பதாக முடியும்.

இவ்வினாவை ஆராயப் பாகாலா பொருத்தமான இடம். நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022ஆம் ஆண்டின் மாவட்டப் பிரிவினையில் திருப்பதி மாவட்டத்துக்குச் சென்ற இச்சிற்றூர், தெலுங்கும் தமிழும் கலந்து வழங்கும் எல்லைப் பகுதியின் இரயில் சந்திப்பு. அங்கிருந்து ஒரு பாதை பீலேறு, மதனப்பள்ளி வழியே தர்மவரத்துக்கும், மற்றொன்று சித்தூர் வழியே காட்பாடிக்கும், இன்னொன்று சந்திரகிரி வழியே திருப்பதிக்கும் பிரிகின்றன. முதல் பாதையில் தென்னிந்தியக் காசநோய் மருத்துவத்தின் வரலாறும், இரண்டாம் பாதையின் முடிவில் வேலூரின் தொழுநோய் மருத்துவ வரலாறும் உள்ளன. மூன்றாம் பாதை, நோய் தீர வேண்டிக்கொண்டு முடி காணிக்கை செலுத்தச் செல்லும் இலட்சக்கணக்கான மக்களின் வழி. மனத்துக்கும் உடலுக்கும் உள்ள உறவின் வலிமையையும் எல்லையையும் இம்மூன்று திசைகளிலும் காணலாம்.

முதலில் அறிவியல் அறிந்த வழிகளைப் பார்ப்பது முறை. கரு வளரத் தொடங்கிய மூன்றாம் வாரத்தில் உருவாகும் மூன்று படலங்களில் வெளிப்படலத்திலிருந்தே மூளையும் நரம்புகளும் தோலின் மேலடுக்கும் தோன்றுகின்றன என்பதை மனத்துக்கும் தோலுக்கும் உள்ள உறவுக்குச் சான்றாகப் பலர் எடுத்துக்காட்டுவதுண்டு. இச்செய்தி உண்மையே எனினும் அது காட்டும் சான்று வலுவானதன்று. பல்லின் எனாமலும் கண்ணின் வில்லையும் அதே படலத்தில் பிறந்தவைதாம், அவை கவலையால் மாறுவதாக யாரும் கூறுவதில்லை. வலுவான சான்று, பிறந்து வளர்ந்த உடலில் மூளையும் தோலும் இன்றும் செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும் முறையில்தான் கிடைக்கிறது. அச்சமோ நெருக்கடியோ ஏற்படும்போது மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்ட, அது சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளைத் தூண்டுகிறது. அவை கார்டிசால் என்னும் ஹார்மோனை இரத்தத்தில் விடுகின்றன. இதற்கு முன்பே, விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் இயங்கும் பரிவு நரம்புகள் நார்அட்ரினலினை வெளியிட்டு இதயத் துடிப்பை மாற்றிவிடுகின்றன. பலவகைத் துன்பங்களுக்கும் உடல் ஒரே வகையான பொது எதிர்வினையைக் காட்டுகிறது என்பதை ஹான்ஸ் செல்யே 1936இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான சிறு கட்டுரையில் முன்வைத்தார். உளநெருக்கடி பற்றிய பிற்கால ஆராய்ச்சிக்கெல்லாம் அக்கட்டுரை கால்கோளாக அமைந்தது.

கார்டிசால் தீயதன்று. குறுகிய ஆபத்தில் உடலைக் காக்க வேண்டியது அதன் வேலை. ஆனால் கடனோ குடும்பப் பிணக்கோ தீராத வேலைச்சுமையோ மாதக்கணக்கில் நீளும்போது இதே ஏற்பாடு ஓய்வின்றி இயங்கி, நோய் எதிர்ப்பு அணுக்களின் போக்கைக் குலைக்கிறது. தோலின் புறஅடுக்கில் ஈரத்தைத் தக்கவைக்கும் கொழுப்புப் பொருள்களின் உற்பத்தியும் குறைகிறது. தோலுக்குள் முடியும் நரம்பு நுனிகள் வெளியிடும் வேதிப்பொருள்கள், அருகிலுள்ள மாஸ்ட் அணுக்களைத் தூண்டி ஹிஸ்டமினை வெளிவரச் செய்கின்றன. அரிப்பும் சிவப்பும் தடிப்பும் இதனால் உண்டாகின்றன. ஆக, மனம் தோலைத் தொடுவதற்கு இரத்தத்தில் செல்லும் ஹார்மோன் ஒரு வழி, தோலிலேயே முடியும் நரம்பு மற்றொரு வழி.

நோய் எதிர்ப்பாற்றலே மூளைக்குக் கட்டுப்படும் என்பதை முதலில் ஐயமறக் காட்டியது ஓர் எலிச் சோதனை. இராபர்ட் ஏடரும் நிக்கலஸ் கோகனும் 1975இல் வெளியிட்ட அந்த ஆய்வில், எலிகளுக்குச் சாக்கரின் கலந்த இனிப்பு நீரோடு எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தும் சேர்த்துத் தரப்பட்டது. பின்னர் மருந்தின்றி இனிப்பு நீரை மட்டும் தந்தபோதும் எதிர்ப்பாற்றல் குறைந்தது. சுவையை நினைவில் வைத்துக்கொண்ட மூளை, மருந்தின் வேலையில் ஒரு பகுதியைத் தானே செய்துவிட்டது. மனிதரிடம் இதே வினாவை மிக எளிய முறையில் சோதித்தவர் அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்து ஜேனிஸ் கீகால்ட்-கிளேசர். மறதிநோய் முற்றிய உறவினரை வீட்டில் வைத்துப் பராமரித்த 13 பெண்களின் கையிலும், அத்தகைய சுமை இல்லாத அதே வயதுடைய 13 பெண்களின் கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு புண் ஏற்படுத்தி, அது ஆறும் காலத்தை அளந்ததில், சுமையற்றவர்களுக்குச் சராசரியாக 39 நாளும் பராமரித்தவர்களுக்கு ஏறத்தாழ 49 நாளும் பிடித்தன. 1995இல் வெளியான இவ்வாய்வுக்குப் பின், பல் மருத்துவ மாணவர் 11 பேரின் அண்ணத்தில் கோடை விடுமுறையில் ஒருமுறையும் தேர்வுக் காலத்தில் ஒருமுறையும் இதே போன்ற புண் ஏற்படுத்தப்பட்டது. தேர்வுக் காலத்தில் அது ஆறுவதற்கு 40 சதவீதம் கூடுதலான காலம் பிடித்தது. எண்ணிக்கை சிறியதே. ஆயினும் அதே மனிதரை அவரோடே ஒப்பிட்ட ஆய்வு என்பதால் இதைத் தள்ளிவிட முடியாது.

தோல் கடந்த உடலுக்கும் இவ்வாறே சான்றுகள் உண்டு. ஷெல்டன் கோகன் குழுவினர் நலமுள்ள 394 பேரின் மூக்கில் சளிக் கிருமிகளைச் சொட்டாக விட்டு, தனிமையில் தங்கவைத்துக் கவனித்தபோது, உளநெருக்கடி குறைந்தவர்களில் 27 சதவீதத்தினருக்கும் மிகுந்தவர்களில் 47 சதவீதத்தினருக்கும் சளி பிடித்தது. இந்தியா உட்பட 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இண்டர்ஹார்ட் ஆய்வு, மாரடைப்புக்கான காரணிகளில் புகைபிடித்தல், நீரிழிவு ஆகியவற்றோடு உளநெருக்கடியையும் ஒன்றாக நிறுவியது.

தோல் மருத்துவர்கள் நாள்தோறும் காணும் நோய்களில் மனநிலையால் ஏறி இறங்குவன சில உண்டு. காளாஞ்சகப்படை எனப்படும் சொரியாசிஸ், கரப்பான், காணாக்கடி என்று மக்கள் சொல்லும் திடீர்த் தடிப்பு, முகப்பரு, புழுவெட்டு ஆகியவை இவ்வகையில் முதலில் வருவன. இவற்றில் எதையும் மனம் மட்டுமே உண்டாக்குவதில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். சொரியாசிஸுக்கு மரபணுவும் எதிர்ப்பாற்றலின் பிறழ்வும் அடித்தளம். மனநெருக்கடி அதை எப்போது கிளர்த்தும், எவ்வளவு கடுமையாக்கும் என்பதில் பங்கு கொள்கிறது. ஜான் கபாட்-சின் 1998இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் எடுத்துக்காட்டத் தக்கது. புறஊதாக் கதிர்ச் சிகிச்சை பெற்றுவந்த 37 சொரியாசிஸ் நோயாளிகளில் ஒரு சாரார் கதிர்ப்பெட்டிக்குள் நிற்கும் நேரத்தில் தியான வழிகாட்டல் ஒலிநாடாவைக் கேட்டனர். அவர்களின் தோல் மற்றவர்களினும் ஏறத்தாழ நான்கு மடங்கு விரைவில் தெளிவடைந்தது. இதைத் தியானத்தால் சொரியாசிஸ் குணமாகும் என்று திரித்துச் சொல்லும் வழக்கம் பரவியிருப்பது வருந்தத்தக்கது. இரு சாராருமே கதிர்ச் சிகிச்சை பெற்றவர்கள். தியானம் சிகிச்சைக்குத் துணை நின்றதேயன்றி அதன் இடத்தைப் பிடிக்கவில்லை.

கவலையால் முடி நரைக்கும் என்ற பழைய பேச்சுக்கும் அண்மையில் ஆதாரம் கிடைத்தது. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2020இல் எலிகளில் காட்டியபடி, கடும் நெருக்கடியில் பரிவு நரம்புகள் வெளியிடும் நார்அட்ரினலின், முடிக்கு நிறம் தரும் மூல அணுக்களை ஒரேயடியாக விரயமாக்கிவிடுகிறது. தீர்ந்த அணுக்கள் திரும்ப உண்டாவதில்லை. முடி கொட்டுவதற்கான வழி வேறு. கடும் காய்ச்சல், பிள்ளைப்பேறு, பெருந்துயர் ஆகியவற்றின் பின் பெரும்பகுதி முடிகள் ஒரே காலத்தில் ஓய்வுநிலைக்குச் சென்று, இரண்டு மூன்று மாதம் கழித்துச் சேர்ந்து உதிர்கின்றன. குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கும் பருவத்தில் தாய்க்கு முடி கொட்டும் என்று பாட்டிமார் சொல்லி வந்தது இக்காலக்கணக்கை ஒட்டியதே.

எதிர்பார்ப்பு என்னும் மனநிலை தோலில் என்ன செய்யும் என்பதற்குச் சித்தூர் வட்டாரத்துக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கோடையில் தோத்தாபுரி மாங்காய் பறிப்போரின் கையிலும் முகத்திலும் காம்பிலிருந்து பீறிடும் பால் பட்டுத் தோல் வெந்து கறுப்பதை அங்குள்ள மாந்தோப்புகளில் காணலாம். மாவும் முந்திரியும், சலவைத் தொழிலாளர் துணிக்குக் குறியிடப் பயன்படுத்திய சேங்கொட்டையும், ஜப்பானிய அரக்கு மரமும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் பாலில் உள்ள, ஒன்றுக்கொன்று உறவுடைய பொருள்கள் ஒவ்வாமைத் தடிப்பை உண்டாக்குகின்றன. ஜப்பானில் இகெமியும் நாககாவாவும் 1962இல் வெளியிட்ட ஆய்வில், அரக்கு மரத்துக்கு ஒவ்வாமை உடைய 13 சிறுவரின் கண்களைக் கட்டி, ஒரு கையில் தீங்கற்ற இலையைத் தடவி இது அரக்கு இலை என்றும், மற்றக் கையில் அரக்கு இலையைத் தடவி இது தீங்கற்றது என்றும் கூறினர். தீங்கற்ற இலை பட்ட கை 13 பேருக்கும் சிவந்து தடித்தது. உண்மையான அரக்கு இலை பட்ட கையில் இருவருக்கே தடிப்பு ஏற்பட்டது. ஆய்வின் சிறுமையையும் அதன் முறையில் உள்ள தளர்வுகளையும் கணக்கில் கொண்டாலும், எதிர்பார்ப்பு தோலின் எதிர்வினையைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது என்பது பிற்காலப் போலிமருந்து ஆய்வுகளோடு ஒத்துப்போகிறது. சேங்கொட்டை மரத்தின் நிழல் பட்டாலே உடல் தடிக்கும் என்ற நம்பிக்கையையும், கேரளத்தில் சேரு மரத்தால் தடிப்பு ஏற்பட்டவர் தான்றி மரத்தை வலம் வரும் வழக்கத்தையும் இந்த வெளிச்சத்தில் பார்த்தால், நோயை வளர்த்த அச்சத்தை அதே நம்பிக்கையின் மறுபாதி ஆற்றியது விளங்கும். எனினும் வயல்வரப்பெங்கும் படர்ந்துள்ள பார்த்தீனியத்தின் ஒவ்வாமை, அதன் பெயரைக் கூடக் கேள்விப்படாத உழவரின் கழுத்தையும் முகத்தையும் புண்ணாக்குகிறது. அங்கே எதிர்பார்ப்புக்கு வேலை இல்லை.

இந்த எல்லையை மிகத் தெளிவாகக் காட்டும் வரலாறு பாகாலாவிலிருந்து தர்மவரம் செல்லும் பாதையில் உள்ளது. அன்றைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளி அருகே, கடல்மட்டத்துக்கு 2000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், பல கிறித்தவ மிஷன்கள் சேர்ந்து 1915இல் ஒரு காசநோய் சானடோரியத்தை அமைத்தன. அவ்விடமே ஆரோக்கியவரம் எனப் பெயர் பெற்றது. டேனிஷ் மருத்துவர் கிறிஸ்தியன் பிரிமோத்-மோலர் அதன் முதல் கண்காணிப்பாளர். காசத்தின் கிருமியைக் கொல்லும் மருந்து எதுவும் இல்லாத அக்காலத்தில் சானடோரியம் தரக்கூடியதெல்லாம் தூய காற்று, சத்துள்ள உணவு, நீண்ட ஓய்வு, கவலையிலிருந்து விலக்கம் ஆகியவையே. காசநோயாளி மனம் கலங்கக் கூடாது, வீட்டுத் தொல்லைகள் அவரை எட்டக் கூடாது என்பது உலகெங்கும் சானடோரிய மருத்துவத்தின் அடிப்படை விதியாக இருந்தது. இவ்விதியைக் கடைப்பிடித்த மருத்துவர்களின் அன்பும் உழைப்பும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவை, குணமானவர்களும் இருந்தனர். ஆனால் அமைதியான மனமும் ஓய்வும் எந்த அளவுக்குக் குணப்படுத்தின என்பதை அளக்கும் வழி அப்போது இல்லை.

அந்த அளவைச் சென்னை தந்தது. ஸ்டிரெப்டோமைசின், பாஸ், ஐசோநயாசிட் ஆகிய மருந்துகள் வந்தபின், 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கூட்டாகச் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் வேதிமருந்து மையத்தைத் தொடங்கின. வாலஸ் பாக்ஸ் வழிகாட்டிய அதன் முதல் ஆய்வில், நகரின் ஏழை நோயாளிகள் 193 பேர் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர்: ஒரு பிரிவினர் சானடோரியத்தில் நல்ல உணவோடும் ஓய்வோடும் ஓராண்டு மருந்து பெற்றனர், மறு பிரிவினர் நெரிசலான தம் வீடுகளிலேயே, குறைந்த உணவோடும் அன்றாட வேலைகளோடும் கவலைகளோடும் அதே மருந்தைப் பெற்றனர். 1959இல் வெளியான முடிவு உலகக் காசநோய் மருத்துவத்தையே திருப்பிப் போட்டது. இரு பிரிவினருக்கும் கிடைத்த குணத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டில் இருந்தோரின் குடும்பத்தாருக்குத் தொற்றும் கூடவில்லை. கிருமிக்குரிய மருந்து சரியாகப் போய்ச் சேர்ந்தபின், மன அமைதியும் ஓய்வும் சேர்த்த கூடுதல் பயன் அளக்கத்தக்கதாக இல்லை. ஓராண்டு முழுதும் ஒழுங்காக மருந்து உண்ணவைப்பதே அதன்பின் காசநோய் மருத்துவத்தின் பெருங்கேள்வியானது. மனத்தின் பங்கு இங்கே மறைந்துவிடவில்லை, இடம் மாறியது. நுரையீரலில் நேரே வேலை செய்வதாகக் கருதப்பட்ட மனம், மருந்தைத் தொடரவோ கைவிடவோ செய்யும் முடிவில் வேலை செய்வதாக அறியப்பட்டது. இந்த இடமாற்றத்தைப் புரிந்துகொள்ளாத எந்த மனநல அறிவுரையும் பாதி உண்மையோடு நின்றுவிடும்.

இதே பாடத்தை வேறு நோய்களும் தந்துள்ளன. வயிற்றுப்புண் கவலையாலும் காரத்தாலும் வருவதென்று மருத்துவ நூல்களே நெடுங்காலம் எழுதின. பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 1980களில் ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் கிருமியே பெரும்பாலான புண்களுக்குக் காரணம் என நிறுவி, 2005இல் நோபல் பரிசு பெற்றனர். பரவிய மார்பகப் புற்றுநோய் உடைய பெண்கள் ஆதரவுக் குழுவில் கலந்துகொண்டால் நெடுநாள் வாழ்கின்றனர் என்று டேவிட் ஸ்பீகல் 1989இல் கண்டது பெரும் நம்பிக்கையைத் தந்தது. ஆனால் 2001இல் 235 பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வில் ஆயுள் நீளவில்லை, மனத்துயரும் வலியும் மட்டும் குறைந்தன. வலி குறைவது சிறிய பயன் அன்று. இருப்பினும் இறந்த பெண்ணைப் பார்த்து, ‘தைரியமாக இருந்திருந்தால் பிழைத்திருப்பாள்’ என்று சொல்வதற்கு இந்த ஆய்வுகளுக்குப் பின் யாருக்கும் உரிமை இல்லை. பிரிட்டனில் ஏறத்தாழ 7,20,000 பெண்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்த ஆய்வும் இதையே கூறுகிறது: மகிழ்ச்சியற்றோர் விரைவில் இறப்பதாகத் தோன்றியதற்குக் காரணம் அவர்கள் முன்பே நோயுற்றிருந்ததுதான், அதைக் கழித்துப் பார்த்தால் மகிழ்ச்சி தன்னளவில் ஆயுளைக் கூட்டவில்லை. நம்பிக்கை மிகுந்த மனப்போக்கு உடையோர் நெடுநாள் வாழ்வதாகக் காட்டும் அமெரிக்க ஆய்வுகளும் உள்ளன என்பதால் இவ்விவாதம் முடிந்துவிடவில்லை.

காட்பாடி செல்லும் பாதை உறவின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. அங்கே தோலே மனத்தை மாற்றுகிறது. தொழுநோயின் கிருமியை ஹான்சன் 1873இலேயே கண்டறிந்திருந்தும், விரல்கள் தாமே அழுகி உதிர்வதாகவே உலகம் நம்பியது. 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், சதை அழுகவில்லை, கிருமி நரம்புகளைத் தாக்கி வலியுணர்வைப் போக்குகிறது, வலி தெரியாத கையும் காலும் சூட்டிலும் கூர்மையிலும் பட்டுப் பட்டுத் தேய்கின்றன என்று காட்டினார். கை அறுவையில் அவர் மீட்டுத் தந்த விரல்களையும் சிலர் மீண்டும் சிதைத்துக்கொண்டனர். உணர்வற்ற கையைத் தம் உடலின் பகுதியாக அவர்கள் எண்ணவே இல்லை என்பதை அவர் கண்டார். தோலின் உணர்வு போனால் அந்த உறுப்பைப் பேணும் எண்ணமும் போய்விடுகிறது என்னும் இக்கண்டுபிடிப்பு, மனம்-தோல் உறவைப் பற்றிய எந்த நூலிலும் முதல் வரிசையில் இருக்க வேண்டியது. வேலூருக்கு அருகே காரிகிரியில் 1955இல் அமைந்த ஷெஃப்லின் ஆராய்ச்சி நிலையம் இப்பணியைத் தொடர்ந்தது.

உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை தொழுநோயை முற்றாகக் குணப்படுத்துகிறது. அம்மருந்து இந்தியாவெங்கும் இலவசம். பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்னும் அளவை எட்டியதாக 2005இல் இந்தியா அறிவித்தது. ஆனால் உணர்ச்சியற்ற ஒரு தேமலைக் கண்டதும் பிறர் அறிந்துவிடுவார்களோ என்று மறைத்துவைக்கும் அச்சம் மருந்தால் தீரவில்லை, அந்த மறைப்பே நரம்பைச் சிதைத்து ஊனத்தில் கொண்டுவிடுகிறது. தொழுநோயை மணமுறிவுக்குரிய காரணங்களிலிருந்து நீக்கும் சட்டம் 2019இல்தான் வந்தது என்பதை எண்ணினால் அந்த அச்சத்தைப் பேதைமை என்று தள்ள முடியாது. வேலூர்க் கல்லூரியின் மனநல மையம் பாகாயத்தில் 1957இல் தொடங்கியபோது, நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்கும் முறையைக் கைக்கொண்டது. ஒருவரின் மனநிலை அவர் ஒருவருக்கே உரியதன்று, சுற்றியிருப்போரின் முகத்திலிருந்தும் அது உருவாகிறது என்னும் தெளிவு அம்முறையில் உண்டு. தோல் நோயாளிகளுக்கும் இது முழுதும் பொருந்தும்.

மனநிலை தோலைத் தாக்கும் மிகப் பெரிய வழி ஹார்மோனும் நரம்பும் அல்ல, நடத்தையே என்று கூறலாம். அரிப்பு வந்தவர் சொறிகிறார். சொறிந்த இடம் தடித்து மேலும் அரிக்கிறது. கவலையும் உறக்கமின்மையும் உள்ள இரவுகளில் இச்சுழல் விரைகிறது. இதைவிடப் பரவலாக இந்தியத் தோல்களைக் கெடுத்துவருவது நிறத்தைப் பற்றிய தாழ்வெண்ணம். சிவப்பாக வேண்டும் என்ற ஆசையில் இளம்பெண்களும் ஆண்களும் ஸ்டீராய்டு கலந்த களிம்பை மருந்துக்கடையில் வாங்கி மாதக்கணக்கில் முகத்தில் பூசுகின்றனர். சில நாள் பளபளப்புக்குப் பின் தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் தெரிய, பருவும் எரிச்சலும் சிவப்பும் நிலைத்துவிடுகின்றன. படர்தாமரைக்கும் வெட்கத்தால் மருத்துவரிடம் காட்டாமல் அதே கலவைக் களிம்பைப் பூசுவதால் அரிப்பு அடங்குகிறது, பூஞ்சை உள்ளே பரவுகிறது. வழக்கமான மருந்துக்கு அடங்காத படை இந்தியாவெங்கும் பெருகியதற்கு இத்தகைய களிம்புகளும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் கருதுகின்றனர். அப்பூஞ்சை வகைக்கு 2020இல் டிரைக்கோபைட்டன் இந்தோட்டினியே என்று இந்தியாவின் பெயரையே சேர்த்து வைத்தனர். மத்திய அரசு 2018இல் 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்பதைத் தடுத்தும் பழக்கம் நிற்கவில்லை. கறுப்பு நிறத்தை இழிவென்று பிள்ளைக்குச் சொல்லித் தரும் வீடும் விளம்பரமும் இந்நோயின் காரணப் பட்டியலில் எழுதப்பட வேண்டியவை.

திருப்பதிப் பாதையில் எழும் கேள்வி நம்பிக்கையைப் பற்றியது. புழுவெட்டால் தலையில் வட்டமாக முடி இழந்தவர்களில் பலருக்கு, சிறு திட்டுகளாக இருக்கும் நிலையில், ஓராண்டுக்குள் முடி தானாகவே முளைத்துவிடும். காணாக்கடியும் பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் அடங்கும். இந்நிலையில் எந்தக் காணிக்கையும், எண்ணெயும், தியானமும், மாத்திரையும் குணப்படுத்தியதாகத் தோன்றும். எனவேதான் தனி ஒருவரின் குணத்தை வைத்து எந்த முறையையும் மெய்ப்பிக்க முடியாதென்று மருத்துவம் பிடிவாதமாக நிற்கிறது. வேண்டுதல் தரும் ஆறுதல் உண்மையானது, நோயோடு வாழ்வதை எளிதாக்குவது. மருந்தை நிறுத்தச் சொல்லாத வரையில் அதை எதிர்க்க மருத்துவத்துக்குக் காரணமே இல்லை.

நீங்காத தோல்நோய் உடையோரிடம் மனச்சோர்வும் பதற்றமும் மிகுதி என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு இல்லை. நிமான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் நடத்திய 2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயதுவந்தோரில் 10.6 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறை இருப்பதையும், அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சை பெறாதிருப்பதையும் கண்டது. ஆனால் தோல் மருத்துவர் களிம்பு எழுதுவதோடும் மனநல மருத்துவர் மாத்திரை எழுதுவதோடும் நின்றுவிடுகின்றனர். இரு துறையும் கூடிப் பார்க்கும் உளத்தோல் மருத்துவப் பிரிவு பெருநகர் மருத்துவமனைகளிலேயே அரிது. பாகாலா போன்ற ஊர்களுக்கு அது எட்டாத ஒன்று. அங்குள்ள பொது மருத்துவர் சொரியாசிஸ் நோயாளியிடம் தூக்கம் எப்படி, வெளியே போவதைத் தவிர்க்கிறீர்களா, வாழப் பிடிக்காமல் இருக்கிறதா என்னும் மூன்று கேள்விகளைக் கேட்டாலே இப்பிரிவின் பாதி வேலை நடந்துவிடும்.

ஆகவே நோயுற்றவரிடம் கவலையை விடச் சொல்வதற்கு முன், அவர் கவலைப்படும் நோய்க்கு உரிய மருந்து அவருக்குக் கிடைத்திருக்கிறதா என்று சுற்றத்தார் கேட்க வேண்டும். உணர்ச்சியற்ற தேமலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் அன்றே காட்ட வேண்டும். முகத்துக்குப் பூசும் களிம்பின் அட்டையில் ஸ்டீராய்டு உண்டா என்று படித்துப் பார்க்க வேண்டும். தோல்நோயோடு மனச்சோர்வும் சேர்ந்தால் இரண்டுக்கும் சிகிச்சை கேட்க வேண்டும். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416; தமிழிலும் தெலுங்கிலும் நாள் முழுதும் கட்டணமின்றிப் பேசலாம்.